வலது கையை எடுத்த பிறகும்

இது நடந்தது. கொட்டாஞ்சேனையில், பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் இராத்திரிதான் வரும், வெள்ளைச் சேலைதான் உடுத்தும் என்று நினைக்கிறவர்கள் தயவுசெய்து வேறு கதை பார்த்துக்கொள்ளுங்கள். எவ்லினை எனக்கு நன்றாகத் தெரியும். பொய் சொல்லத் தெரியாத மனுசி. பாமசியில் மருந்து விற்கிற வேலை பார்த்துக்கொண்டு, "இந்த விலை கூடினது உங்களுக்கு என்னத்துக்கு, மற்றதே போதும்" என்று வருகிறவர்களுக்குச் சொல்லி முதலாளியிடம் ஏச்சு வாங்குகிற ஆள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

போன வருசம் அவளுடைய மகள் சாமினிக்கு டெங்கு வந்தது. ஏழு வயதுப் பிள்ளை. இரத்தப் பரிசோதனையில் பிளேட்லட் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. டொக்டர்மார் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றபடியே எவ்லின் மாதாவுக்கு நேர்த்தி வைத்தாள். மற்றவர்கள் என்ன நேருவார்கள்? மெழுகுதிரி, பூமாலை, மிஞ்சிப்போனால் மடுக் கோவிலுக்கு நடந்து போவது. எவ்லினுக்கு அந்த நேரம் வாயில் வந்தது வேறு.

"தாயே, என்ர பிள்ளையைத் திருப்பித் தாரும். உம்மட திருநாள் சுற்றுப்பிரகாரத்தில, நானே என்ர கையால கிளாரினெட் வாசிச்சுக்கொண்டு உமக்குப் பின்னால வருவன்."

அடுத்த நாள் பிள்ளை கண்ணை முழித்துக் கஞ்சி கேட்டது.

கிளாரினெட் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பள்ளிக்கூட பாண்ட் வாத்தியக் குழுவில் வாசித்தவள் அவள். ஆனால் பின் வரிசையில் நின்று கீழ்ச் சுரங்களை மட்டும் "பூம் பூம்" என்று ஊதினவள். மாதா பாட்டோ மூன்றாம் அடியில் விறுவிறென்று மேலே ஏறும். அதை யோசிக்காமல் நேர்ந்துவிட்டாள். பிள்ளை சாகக் கிடக்கும்போது எவள்தான் சுரம் பார்த்து நேருவாள்!

"கோவில் பாண்ட் மாஸ்டரிட்டச் சொல்லி வேற ஒரு ஆளை வாசிக்க விடுவமே?" என்றான் கணவன் டெரிக்.

"நேர்ந்தது நான். நேர்ந்த ஆள்தான் செலுத்தோணும்."

"செலுத்தாட்டி?"

எவ்லின் சாமினியைப் பார்த்தாள்.

வெள்ளவத்தையில் பழைய வாத்தியங்கள் விற்கிற சப்ரியின் கடையில் ஒரு கிளாரினெட் கிடைத்தது. கறுப்பு மரம், துளைகளைச் சுற்றி, விரல் வைத்தால் அமுங்கி, எடுத்தால் எழும்புகிற வெள்ளி நிற வளையங்கள். "ஊதிப் பாருங்க மிஸ், சாமான் நல்லா ஈக்கிது," என்றார் சப்ரி. நல்லாகத்தான் இருந்தது. அதற்குக் கேட்ட விலை கொஞ்சம் குறைவாக இருந்தபோதாவது அவள் யோசித்திருக்கலாம்.

கிளாரினெட் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் கீழ்ச் சுரங்கள் கீழ் வீடு, மேல் சுரங்கள் மாடி வீடு. கீழ் வீட்டின் கடைசிச் சுரத்துக்கு விரல்கள் எல்லாம் கிட்டத்தட்டத் திறந்திருக்கும். அதற்கு அடுத்த சுரம்தான் மாடியின் முதற் படி. அதற்கோ இரண்டு கை விரல்களும் ஒரே நேரத்தில் எல்லாத் துளைகளையும் மூடவேண்டும். ஒரு விரல் கொஞ்சம் பிந்தினாலும் "கீச்" என்று கத்தும். எவ்லினுக்கு வலது கை எப்போதும் பிந்தியது. கீச். மறுபடியும் கீச். எவ்லின் வீட்டுக்குக் கீழே குடியிருக்கிற நிப்லா, "எவ்லின், கோழிய விடுங்க, பாவம்," என்று படிக்கட்டில் நின்று சிரித்தாள்.

பாண்ட் மாஸ்டர் சவுந்தரநாயகம் போனில் ஒரு வழி சொன்னார். "கீழ்ச் சுரத்தில நிக்கேக்கையே வலது கை விரலை மூடி வச்சிருங்கோ. சத்தம் மாறாது. பிறகு இடது கை மட்டும் வந்தாச் சரி. மூச்சை விட்டிராதேங்கோ." அந்த ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு எவ்லின் நாள்தோறும் பழகினாள். மத்தியானம் வேலை முடிந்து வந்து, சாமினி டியூசன் முடிந்து வரும்வரைக்கும், படுக்கையறைக் கட்டிலில் சம்மணம் கொட்டி இருந்து.

இனித்தான் விசயம்.

முதலில் கவனித்தது வளையங்களை. இடது கை வளையங்கள் குளிர்ந்திருக்கும். உலோகம் அப்படித்தானே. வலது கை வளையங்கள் மட்டும் வெதுவெதுவென்று இருந்தன. இப்போதுதான் ஒருவர் கையை எடுத்துவிட்டுப் போன மாதிரி. யன்னல் வெயில் என்று நினைத்தாள். இடம் மாறி இருந்து பார்த்தாள். அங்கேயும் அப்படித்தான்.

ஒருநாள் பழகியதைப் போனில் பதிந்து மாஸ்டருக்கு அனுப்பினாள். பதில் வந்தது.

"மேல ஏறுற இடம் பரவாயில்லை. ஆனா பக்கத்தில நிண்டு காலால தாளம் தட்டுறவரைக் கொஞ்சம் மெதுவாத் தட்டச் சொல்லுங்கோ. பாட்டை விட அதுதான் கேக்குது."

எவ்லின் பதிவைப் போட்டுக் கேட்டாள். டொக்... டொக்... டொக்... சப்பாத்துக் காலின் சத்தம். அவள் கட்டிலில் வெறுங்காலோடு சம்மணம் கொட்டியிருந்தவள். அறையில் வேறு ஒருவரும் இல்லை. நிப்லா கீழே எதையாவது இடித்திருப்பாள் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் நிப்லா அன்றைக்கு மட்டக்குளிக்கு மாமி வீட்டுக்குப் போயிருந்தாள். அது எவ்லினுக்கும் தெரியும்.

பிறகு ஒரு வியாழக்கிழமை. மணி மூன்று இருக்கும். கரண்ட் இல்லை, காற்றாடி நின்றிருந்தது. அவள் கீழ்ச் சுரத்தில் நின்று, மூச்சை விடாமல், மாடிக்கு ஏறினாள். கீச் இல்லை. எண்ணெய் பூசின மாதிரி வழுக்கிக்கொண்டு ஏறியது. "ஐயோ, வந்திட்டுது!" என்று மனது குதித்தது. அந்தச் சுரத்தை அப்படியே பிடித்தாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. டெரிக். ஊதிக்கொண்டே வலது கையை எடுத்துப் போனை நிறுத்தினாள்.

சுரம் நிற்கவில்லை.

எல்லாத் துளையும் மூடியிருந்தால்தான் வருகிற சுரம் அது. வலது கை போனில் இருந்தது. கீழே மூன்று துளைகளும் வெறுமையாய், கண்ணுக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு இருந்தன.

சுரம் வந்துகொண்டே இருந்தது...

அவள் ஊதுவதை நிறுத்தினாள். அப்போதுதான் வளையங்கள் மேலே எழும்பின.

ஒன்று... இரண்டு... மூன்று.

ஒருவர் விரலை ஆறுதலாக எடுக்கிற மாதிரி.

எவ்லின் கிளாரினெட்டைக் கட்டிலில் எறிந்துவிட்டு, செருப்பும் இல்லாமல் தெருவுக்கு ஓடினாள். டெரிக் வரும்வரைக்கும் பேக்கரி வாசலில் நின்றாள். அவனிடம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை, அது ஒன்று. "வித்திடு," என்றான்.

விற்றால் நேர்த்தி? நவநாள் தொடங்கிவிட்டது. ஒன்பதாம் நாள் திருநாள். இரவலுக்குக் கேட்ட இடமெல்லாம் கையை விரித்தார்கள். திருநாள் காலத்தில் எவன் தன் கிளாரினெட்டைக் கொடுப்பான்? கடைசியில் அதையே கழுத்துச் செபமாலையோடு எடுத்து, கதவைத் திறந்து வைத்து, வாசலில் கதிரை போட்டு இருந்து பழகினாள். வளையங்கள் குளிர்ந்திருந்தன. தாளச் சத்தம் இல்லை. போய்விட்டது போல.

இங்கேதான் அவளை நான் நினைத்து நினைத்துத் துக்கப்படுகிறது. அந்த நாட்களில் அவள் தன் விரலாலேயே மாடிக்கு ஏறத் தொடங்கியிருந்தாள். ஐந்து தரம் ஏறினால் இரண்டு தரம் சுத்தமாக வந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் வந்திருக்கும். வராவிட்டாலும்தான் என்ன, மாதா கீச்சுச் சத்தத்துக்குக் கோபிக்கிறவவா? ஆனால் எவ்லினுக்குப் பயம். பிழையாக வாசித்தால் நேர்த்தி சேராது, பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடும் என்ற பயம் அவளைத் தின்றது.

எங்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களிடம், அதாவது மோட்சம் போக முன்னம் தங்கள் பாவத்துக்கு வேதனைப்பட்டுக் காத்திருக்கிறவர்களிடம், உதவி கேட்பது. விடியவெள்ளனவே எழுப்பிவிடச் சொல்லிக் கேட்பவர்கள், தொலைத்த சாமானைக் காட்டச் சொல்லிக் கேட்பவர்கள், எல்லாரும் இருக்கிறார்கள். கைமாறாக அந்த ஆன்மாவுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுப்பார்கள். திருநாளுக்கு முந்தின பின்னேரம், எவ்லின் அறைக் கதவைச் சாத்திவிட்டு, கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஆரெண்டு எனக்குத் தெரியாது. உத்தரிக்கிற ஆன்மாவா இருந்தா, நாளைக்கு அந்த ஒரு பாட்டுக்கு வாரும். உமக்கு ஒரு பூசை ஒப்புக்குடுக்கிறன்."

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு, கையின் கீழே... ஒரு வளையம் சூடானது.

பிறகு மற்றது.

பிறகு மூன்றாவது.

திருநாள் அன்று சனம் சொல்லி முடியாது. மாதாவின் சிலை இருந்த, பூவால் சோடித்த கூட்டைத் தோளில் தூக்கினார்கள். பின்னால் பாண்ட். எவ்லின் வெள்ளைச் சட்டையோடு கிளாரினெட்டைப் பிடித்தபடி நடந்தாள். டெரிக் சாமினியைத் தோளில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். பாட்டுத் தொடங்கியது.

மூன்றாம் அடி வந்தது. அவளுடைய வலது கை விரல்களின் மேலே வேறு விரல்கள் அமர்ந்தன.

தடித்த விரல்கள். சூடு. வியர்வை ஈரம்.

ஏறினாள். வழுக்கிக்கொண்டு ஏறியது. சனம் திரும்பிப் பார்த்தது. மாஸ்டர் புருவத்தை உயர்த்தித் தலையை ஆட்டினார். ஒரு கிழவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

அடுத்த முறை அந்த இடம் வந்தபோது, தானே வாசித்துப் பார்ப்போம் என்று எவ்லின் விரலை அசைத்தாள்...

அசையவில்லை.

அவளுடைய விரல் அவளுக்கு அசையவில்லை.

பாட்டு ஓடியது. தெரு முழுக்க. ஒரு பிழை இல்லை. அவள் மூச்சை மட்டும் கொடுத்தாள்...

கூடு கோவிலுக்குள் நுழைந்தது. மணி அடித்தது. காதுக்குப் பக்கத்தில் ஒருவர் பெருமூச்சு விட்டார்.

கை விடுபட்டது.

வீட்டுக்கு வந்து எவ்லின் அழுதாள். பயத்திலும் அழுதாள், நிம்மதியிலும் அழுதாள். "முடிஞ்சுது டெரிக், முடிஞ்சுது. என்ர பிள்ளை தப்பிட்டுது." வளையங்களைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் ஒரே குளிர்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா? அடுத்த கிழமை பூசை பதிகிற கோவில் கந்தோருக்குப் போனாள். "ஆருக்காகப் பூசை? பேரைச் சொல்லுங்கோ," என்றார்கள். பேர் தெரியாது. நேரே வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறினாள். சப்ரி யோசித்துப் பார்த்து, விற்றவரைச் சொன்னார். மட்டக்குளியில், தொடர்மாடிக் குடியிருப்பில் இருக்கிற பேர்ணடெற் என்ற பெண்.

பேர்ணடெற் கதவைத் திறந்தாள். மெலிந்த, களைத்த முகம். ஆனால் கண்ணில் ஒரு வெளிச்சம். சுவரில் ஒரு படம் தொங்கியது. பாண்ட் உடுப்பில், பளபளக்கும் சப்பாத்தோடு, கிளாரினெட் பிடித்த தடித்த மனிதர்.

"அவர் ஸ்ரான்லி. துறைமுகத்தில வேலை செய்தவர்," என்றாள் பேர்ணடெற். "நெஞ்சு வலியில போனவர். நாலு வருசமாச்சு. திருநாளுக்குக் கிட்டத்தான் போனவர்."

"அவருக்கு ஒரு பூசை ஒப்புக்குடுக்கப்போறன் அக்கா. அதுதான் பேர் கேட்க வந்தனான்." எவ்லின் எல்லாவற்றையும் சொன்னாள்.

பேர்ணடெற் பயப்படவில்லை. குந்தியிருந்து, சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் வந்து நின்றான்.

"இவன் மெல்ரோய். சின்னனில இருந்து வலிப்பு. கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம் விழுவான். இவனுக்காக அவர் மாதாவுக்கு நேர்ந்தவர், திருநாள் சுற்றுப்பிரகாரத்தில கிளாரினெட் வாசிக்கிறன் எண்டு. செலுத்த முன்னம் போயிட்டார். நேர்ந்த ஆள்தானே செலுத்தோணும் தங்கச்சி? நான் எங்க போய்ச் செலுத்துறது? நாலு வருசமா அழுதனான்."

பேர்ணடெற் மகனின் தலையைத் தடவினாள்.

"திருநாள் அண்டைக்குப் பின்னேரத்தில இருந்து இவனுக்கு ஒருக்காலும் வரேல்லை. ஏனெண்டு விளங்காமல் இருந்தனான். இப்பதான் விளங்குது." பேர்ணடெற் எவ்லினின் வலது கையைப் பிடித்து முத்தமிட்டாள். "அவர் வந்து செலுத்திட்டார்."

"அது... அவர்ர நேர்த்தியோ அக்கா?"

"ஓம். வாசிச்சது அவர்தானே?"

எவ்லின் கையை இழுத்துக்கொண்டாள். "அப்ப என்ர நேர்த்தி?"

பேர்ணடெற் அவளைப் பார்த்தாள். பையனைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அந்தப் பின்னேரம் எவ்லின் ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தாள். படியிலேயே டெரிக் நின்றான். டியூசன் முடிய முன்னமே சாமினியை அனுப்பிவிட்டார்களாம்.

பிள்ளை கட்டிலில் சுருண்டு கிடந்தது. நெற்றி அனலாய்க் கொதித்தது.

"அம்மா... குளிருது."

அடுத்த திருநாளுக்கு இன்னும் முழுசாக ஒரு வருசம் இருந்தது.