இன்ட்டுகளை மட்டும் நம்பி

பஸ்ஸில் வந்த ஐந்து பேரில் யார் எந்த நிறுத்தத்தில் இறங்கினார்கள் என்று கண்டுபிடிக்கும் புதிரைப் போட்டுக்கொண்டே வந்து, தன் நிறுத்தத்தில் இறங்க மறந்தவன் நான். ஒருமுறை என்றால் விதி என்று சொல்லித் தப்பிக்கலாம். எனக்கு அது பழக்கமாகவே ஆகிவிட்டது. வாலாஜாபாத்தில் ஓர் அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் உத்திரமேரூர் பஸ்ஸில் ஏறினால் எங்கள் ஊர் பாதி வழியில் வரும். அன்றைக்கு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிப் போன பிறகு கண்டக்டர் வந்து தோளைத் தட்டினார்.

"இன்னா சார், உன் ஊரு போயி எம்மா நேரம் ஆச்சி! நானும் கத்திக்கினே கீறேன், நீ பாட்டுக்கு போனைப் பாத்து தலைய ஆட்டிக்கினு கீற?"

புதிரில் இருந்த ஐந்து பேரும் எங்கெங்கே இறங்கினார்கள் என்பது அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அதை அவரிடம் சொல்லவும் சொன்னேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வருவதும் இதே ரகம்தான். ஆனால் அதில் சிரிப்பதற்குக் கொஞ்சம்தான் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காக அந்தப் புதிரைப் பற்றிச் சொல்கிறேன். நான்கு பேர், நான்கு ஊர், நான்கு தொழில் கொடுத்திருப்பார்கள். யார் எந்த ஊர், என்ன தொழில் என்று நேராகச் சொல்ல மாட்டார்கள். 'தையற்காரர் தாமல்காரரைவிட மூத்தவர்' என்கிற மாதிரி துப்புகள்தான் கிடைக்கும். வயதைப் பற்றிய துப்பு என்று நினைத்தால் ஏமாந்தோம். தையற்காரர் வேறு ஆள், தாமல்காரர் வேறு ஆள் என்பதுதான் அதற்குள் இருக்கிற சங்கதி. கட்டம் போட்டு, ஆமென்றால் டிக், இல்லையென்றால் இன்ட்டு. ஒரு டிக் விழுந்தால் அந்த வரிசையிலும் பத்தியிலும் மற்றதெல்லாம் இன்ட்டு. இது எல்லோருக்கும் தெரிந்தது.

அடுத்த படி கொஞ்சம் தேர்ந்தவர்களுக்கு. இரண்டு பேருக்கு மிச்சமிருப்பது தாமலும் ராஜகுளமும் மட்டும் என்றால், யாருக்கு எது என்று தெரியாமலே மற்றவர்களுக்கு அந்த இரண்டு ஊரையும் அடித்துவிடலாம். எதுவுமே நகராவிட்டால் ஒன்றை உண்மை என்று வைத்துக்கொண்டு நடந்து பார்க்கலாம். எங்கேயாவது முட்டினால் அது பொய். திரும்பி வந்து அங்கே ஓர் இன்ட்டு போட்டுவிட வேண்டியதுதான். இதையெல்லாம் ஒரு நாள் பக்கத்துத் தெருவில் இருக்கிற அண்ணனிடம் விளக்கினேன். அவர் சொந்தமாக டிராக்டர் வைத்து ஓட்டியவர். எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய குரல், வீட்டுக்குள் தண்ணீர் கேட்டாலும் ஏரிக்கரை வரைக்கும் கேட்கும்.

"இத்த கண்டுபுடிச்சா அந்த நாலு பேரும் உனக்கு சோறு போடுவானுங்களாடா?" என்றார்.

அந்தக் குரல்தான் போய்விட்டது. போன வருஷம் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு முழுக்க நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது உயிர் தப்பியதே பெரிது என்று இருந்தோம். முதலில் கஞ்சி குடித்தார், குழைத்த சோறு தின்றார். அப்புறம் வாயை மூடிக்கொள்ள ஆரம்பித்தார். அண்ணி கரண்டியைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்புவார். தண்ணீர் டம்ளரை இடது கையால் தள்ளிவிடுவார். என்னவோ சொல்ல வருவார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வரும். சொல்ல முடியாத கோபத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். இப்படியே போனால் திரும்பவும் அட்மிட் பண்ணி மூக்கு வழியாக டியூப் போட வேண்டியிருக்கும், உடம்பு அதைத் தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

தலையை ஆட்ட மட்டும் அண்ணனால் முடிந்தது. ஆமாம், இல்லை, இரண்டும் வந்தன. எனக்கு அது போதும் என்று தோன்றியது. டிக்கும் இன்ட்டும் கிடைத்துவிட்ட பிறகு உலகத்தில் கண்டுபிடிக்க முடியாதது என்ன இருக்கிறது?

"நான் பாத்துக்கறேன் அண்ணி" என்றேன்.

"இன்னா பாப்ப? பேப்பர எட்துக்கினு வந்து பாப்பியா?" என்றாள் அண்ணி. நான் பேப்பரோடுதான் போயிருந்தேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம். நெடுக்கில் வீட்டு மனிதர்கள், குறுக்கில் அவரை வருத்தக்கூடிய சங்கதிகள்: நிலம், டிராக்டர், வலி, மருந்து, சாப்பாட்டில் உப்பு, பேரப்பிள்ளையின் படிப்பு. மில்லிலிருந்து வந்ததும் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்பேன். அண்ணன் தலையாட்டுவார். நான் குறிப்பேன். டிக்குகள் மளமளவென்று விழுந்தன. எல்லாத் துப்பும் மகனைக் காட்டின. மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான், அவன் பெண்டாட்டியும் பிள்ளையும் இங்கே அண்ணன் வீட்டில் இருக்கிறார்கள். மகன் வர வேண்டும், நிலத்தைப் பற்றிப் பேச வேண்டும். என் தீர்ப்பு அதுதான்.

மகன் லீவு போட்டு வந்தான். அண்ணன் கஞ்சி குடித்தார். இட்லி தின்றார். இடது கையை நீட்டித் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அண்ணி எனக்கு எட்டு முழ வேட்டி எடுத்துத் தருவதாகச் சொன்னாள். மில்லில் இருக்கிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னேன், சொல்லும்போது என் பங்கைக் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். லீவு முடிந்து மகன் பஸ் ஏறினான். மறுநாளே அண்ணன் வாயை மூடிக்கொண்டார்.

"கொழுந்தனாரே, உன் கட்டம் புட்டுக்கிச்சி" என்றாள் அண்ணி. வேட்டிப் பேச்சு அதோடு நின்றது. ஆனால் அவள் குரலில் கேலி இல்லை. இரண்டு நாள் சாப்பிட்ட மனுஷன் மறுபடி பட்டினி கிடந்தால், அதைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்குக் கேலி எங்கிருந்து வரும்?

தாளை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். ஒரே வரிசையில் இரண்டு டிக் இருந்தது. நிலத்தை விற்கணுமா என்றதற்கும் ஆமாம், விற்கக்கூடாதா என்றதற்கும் ஆமாம். குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும். விடை கிடைத்த சந்தோஷத்தில் நான் அதைத் தாண்டிப் போயிருந்தேன். பதில் தெரிந்த கேள்விகளாகக் கேட்டு அவரைச் சோதித்துப் பார்க்க உட்கார்ந்தேன்.

"இது வாலாஜாபாத்தா?" எங்கள் ஊரில் கிடந்தபடியே ஆமாம் என்று தலையாட்டினார்.

"என் தலையில முடி நெறைய கீதா?" ஆமாம். என் தலையில் இருப்பதை எண்ணிவிடலாம்.

"நான் அழகா?" ஆமாம்.

"நான் புத்திசாலியா?"

தலையை இடமும் வலமும், பலமாக, தொண்டையிலிருந்து சத்தம் வர, ஆட்டினார். பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தத் தலையாட்டல் வேறு மாதிரி இருந்ததைக் கவனித்தேன். ஆமாம் என்பது அவருக்கு மூச்சு விடுவது போலத் தானாக வந்தது. யாராவது பேச்சை முடித்தால் தலை அசைந்துவிடும். இல்லை என்பதற்கு அவர் உடம்பு முழுக்கப் பாடுபட வேண்டியிருந்தது. மேலும் மேலும் கேட்டுப் பார்த்தேன். பொய்யான கேள்விக்கு ஆமாம் சொன்னார். உண்மையான எதற்கும் இல்லை என்று சொல்லவே இல்லை.

ஆக, டிக்குகள் அத்தனையும் குப்பை. இன்ட்டுகளை மட்டும் நம்பலாம்.

புதிர்ப் புத்தகத்தில் அப்படியும் உண்டு. எந்தத் துப்பும் இது இதுதான் என்று சொல்லாது. இதுவல்ல, அதுவுமல்ல என்று மட்டுமே சொல்லும். அடித்து அடித்துக்கொண்டே போனால் ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக நிற்கும். அதில்தான் விடை இருக்கும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். புது காலண்டர் தாளில் தொடங்கினேன். கேள்வியைத் திருப்பித் திருப்பிப் போட்டு, அவர் மறுக்கிறாரா என்று மட்டும் பார்த்தேன். நிலமா? மறுத்தார். வலியா? மறுத்தார். உப்பு உறைப்பா, மாத்திரையா, டிராக்டரை யாரிடமாவது கொடுக்கணுமா? எல்லாவற்றுக்கும் அந்தப் பலமான தலையாட்டல். "பையன வேலைய வுட்டுட்டு இங்கியே வந்து இருக்கச் சொல்லட்டுமா?" அதற்குத்தான் எல்லாவற்றையும்விடப் பலமாக மறுத்தார்.

கட்டம் முழுக்க இன்ட்டு ஆகிவிட்டது. ஒன்றுகூட வெறுமையாக இல்லை. புத்தகத்தில் இப்படி வந்தால் நாம் தப்பு செய்திருக்கிறோம் என்று அர்த்தம், அழித்துவிட்டு முதலிலிருந்து போடலாம். இங்கே அழித்துவிட்டுப் போட நேரமில்லை. அண்ணனின் உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. அன்றைக்கு நான் ஜோக் ஒன்றும் அடிக்கவில்லை.

மிச்சமிருந்த வழி, துப்பைத் திரும்பப் படிப்பதுதான். மகன் இருந்தபோது சாப்பிட்டார். நான் அதை மகனைப் பற்றிய துப்பு என்று எடுத்துக்கொண்டேன். வயதைப் பற்றிய துப்பு என்று நினைத்து ஏமாறுகிறவனைக் கேலி செய்த அதே ஆள்தான் நான். அவர் மகனுக்காகச் சாப்பிடவில்லை என்றால், மகனோடு வந்து மகனோடு போன வேறு ஏதோ ஒன்றுக்காகச் சாப்பிட்டிருக்க வேண்டும்.

அடுப்படிக்குப் போய் அண்ணியிடம் கேட்டேன். "பையன் வந்தானே, இன்னா இன்னா செஞ்சான்?"

"இன்னா செஞ்சான்? தூங்கினான். கறி வாங்கினு வந்தான். அப்பன குளிப்பாட்டினான், கழுவி வுட்டான். போனு பேசினான். ஊருக்குப் போனான்."

"அவன் இல்லாதப்ப யாரு கழுவி வுடறது?"

"மருமவதான். எனக்குத்தான் இடுப்பு புடிச்சிக்கினு குனிய முடியலியே. நான் ஒரு கை தூக்கிப் புடிப்பேன், அந்தப் பொண்ணுதான் எல்லாம் செய்யுது. மகராசி, ஒரு சொல்லு சொன்னதில்ல."

நான் கட்டம் போட்டபோது வாய்க்குள் போவதைப் பற்றியே யோசித்திருந்தேன். போனது வெளியே வர வேண்டுமே, அப்போது யார் வருகிறார்கள் என்று ஒரு பத்தி போடவில்லை. தின்றால்தானே அந்தப் பெண் வர வேண்டும். தின்னாவிட்டால் வர வேண்டாம். அண்ணன் கணக்கை நேராகத்தான் போட்டிருந்தார்.

கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வீட்டில் யாரும் பக்கத்தில் இல்லை. கேள்வியை எப்படிக் கேட்பது என்று யோசித்துத்தான் கேட்டேன், அவருடைய ஆமாமை நம்ப முடியாது.

"மருமவளே கழுவி வுடட்டுமாண்ணா?"

தலை அசைந்தது. இடமும் வலமும். சத்தம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆட்டினார்.

"ஆளு வெச்சிக்கலாமா?" மறுத்தார்.

இனி யாரிருக்கிறார்கள் என்று தேடினேன். மனிதர்கள் வரிசையில் அண்ணி, மகன், மருமகள், பேரன் வரைக்கும் எழுதியிருந்தேன். பேனாவைப் பிடித்திருந்த ஆளை எழுதவில்லை. தினமும் சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நிலமா டிராக்டரா என்று கேட்டுக்கொண்டிருந்த ஆள். எனக்கு மலத்தைப் பார்த்தால் குமட்டும். என் பிள்ளைகளுக்கே நான் கழுவிவிட்டதில்லை. அதையெல்லாம் நினைத்துத்தான் அந்தக் கேள்வி மெதுவாக வந்தது.

"நான் செய்யட்டுமா?"

தானாக வரும் அந்த ஆமாம்கூட வரவில்லை. மறுக்கவும் இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். அப்புறம் இடது கையை நகர்த்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

மருமகளிடம் இதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "நான் ஒரு நாளும் மூஞ்சி சுளிக்கலியே சின்ன மாமா" என்றாள். "நீ சுளிக்கலம்மா. அதான் அவரால தாங்க முடியல" என்றேன். சரியாகச் சொன்னேனா தெரியவில்லை. அவள் போய்க் கஞ்சி ஆற்றிக் கொண்டுவந்தாள். அண்ணன் வாயைத் திறந்தார். டம்ளர் தண்ணீரையும் முழுக்கக் குடித்தார். குடித்த தண்ணீருக்கு மறுநாள் காலையில் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

காலையில் மில்லுக்குப் போகும் முன்னால் வந்தேன். பிளாஸ்டிக் நாற்காலியைப் பின்கட்டில் போட்டு, அண்ணனைத் தூக்கி உட்கார வைப்பதற்குள் என் வேட்டி அவிழ்ந்துவிட்டது. நானும் அவருமாக ஒரே கோலத்தில் இருந்தோம். அவர் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்புதான் என்று நான் வைத்துக்கொண்டேன். கழுவிவிட்டேன். இரண்டு முறை குமட்டியது, முகத்தைத் திருப்பி இருமுவது போல இருமி வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மருமகள் வெந்நீரைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போய்விட்டாள். சோப்பு போடும்போதுதான் அவர் முதுகில் எலும்பு எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்று கைக்குத் தெரிந்தது.

கொஞ்சம் பழகியதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் துண்டை வைத்துக்கொண்டு அண்ணி நின்றிருந்தாள். சொம்பைக் கையில் பிடித்தபடியே, டிக்குகளை நம்பக்கூடாது என்று நான் எப்படிக் கண்டுபிடித்தேன், எல்லாக் கட்டமும் அடைபட்ட பிறகு துப்பை எப்படித் திருப்பிப் படித்தேன், விட்டுப்போன வரிசை எது என்று எப்படிப் பிடித்தேன் என்றெல்லாம் அவளுக்கு விளக்கிவிட்டு, "பாத்தீங்களா அண்ணி?" என்றேன்.

"தண்ணி ஆறிப்போவுது, ஊத்து."