குட்டானுக்கு அடுப்புக் காட்டிய கதை

சென்ற செவ்வாய்க்கிழமை பிலோமினா ரீச்சரின் தம்பி சைக்கிளில் எங்கள் பாடசாலைக்கு வந்தார். முல்லைத்தீவுக் கரையிலிருந்து விசுவமடு வரை மிதித்து வந்திருந்தார். தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொன்னார். "அக்கா மோசம் போயிட்டா, மாஸ்டர். நெஞ்சு நோகுது எண்டவா. கொஞ்ச நேரத்திலை உயிர் போயிட்டுது."

ரீச்சரிடம் கணிதம் படித்தவர்களும் அவரோடு படிப்பித்தவர்களும் இதை வாசிப்பீர்கள். அவருடைய கெட்டித்தனத்தைப் பற்றி என்னைவிட உங்களுக்குத் தெரியும். நான் எழுத வந்தது அவருடைய நாய், பூனை, கோழிகளைப் பற்றி. சிரிக்க வேண்டாம். அவற்றோடு மூன்று வருடம் ஒரே வளவில் சீவித்தவன் நான். அதற்கு முன் எனக்கு நாய் என்றாலே ஆகாது.

கிளிநொச்சியில் நாங்கள் அயலவர்கள். ஊரே கிளம்பிய அன்று ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் இரண்டு குடும்பத்துச் சாமான்களையும் ஏற்றினோம். ரீச்சரின் நாய் வீரன் மட்டும் வர மறுத்தது. குசினிக்குள் அடுப்போடு ஒட்டிப் படுத்துக்கொண்டு, இழுத்தால் உறுமியது. ரீச்சர் மூன்று தடவை உள்ளே போய் வந்தார். ஷெல் சத்தம் கிட்டவாகக் கேட்டது. "நாய் பார்க்கிற நேரமே இது? ஏறுங்கோ ரீச்சர்!" என்று கத்தியவன் நான். அவர் ஏறினார். வீரன் குசினியிலேயே நின்றுவிட்டது. பிறகு அதைப் பற்றி அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அவர் கேட்காதது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீடு கிடைத்தது. முன்னறை எனக்கும் மனைவி சரசுவுக்கும், பின்னறை தனியாளான ரீச்சருக்கும், குசினி பொதுவுக்கும் என்று பிரித்துக்கொண்டோம். ஒரு மாதத்துக்குள் பூனை ஒன்று வந்து சேர்ந்தது. சட்டி சட்டியாக மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் திருப்தியில்லை என்பதுபோல் வெளியே போகும். "இன்ஸ்பெக்டர் வந்திட்டுப் போறார், எல்லாரும் ஒழுங்காய் இருங்கோ" என்பார் ரீச்சர். பெயர் அதற்கு அப்படியே நிலைத்துவிட்டது. கமலி என்ற கோழி என் மடித்த வேட்டிமேல் மட்டும்தான் முட்டையிடும். நான் துரத்தினால், "அவளுக்கு உங்களிலை ஒரு பட்சம், மாஸ்டர்" என்று ரீச்சர் வக்காலத்து வாங்குவார். பாடசாலையில் பிள்ளைகளை அதட்டும் அந்த மனுசி கோழியிடம் கெஞ்சிப் பேசுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

பிறகு ஒருநாள் சீனிச் சாக்குக்குள் ஒரு நாய்க்குட்டி வந்தது. உடம்பைவிட வயிறு பெரிது. இறக்கிவிட்டதும் கமலியைக் கண்டு பயந்து என் செருப்புக்குப் பின்னால் ஒளித்தது. குட்டான் என்று பெயர் வைத்தோம். சரசு ஆசையோடு அதைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனாள். புதுக் குட்டியை மூன்று தரம் அடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து நெற்றியில் சாம்பல் பூசினால் வீட்டை விட்டுப் போகாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"வேண்டாம் சரசு" என்று ரீச்சர் குறுக்கே நின்றார். "வீரனுக்கும் நான்தான் அடுப்புக் காட்டினனான். அது வீட்டுக்குப் பழகிப்போச்சு. இது எங்களுக்குப் பழகினாக் காணும்."

சரசுவுக்கு மனம் கேட்கவில்லை. குட்டி ஓடிவிட்டால் ரீச்சர் தாங்கமாட்டார் என்று நினைத்து, அடுத்த ஞாயிறு அவர் பூசைக்குப் போன நேரம் பார்த்து காரியத்தை முடித்துவிட்டாள். சாம்பலைத் துடைக்கத்தான் மறந்துபோனாள். திரும்பி வந்த ரீச்சர் குட்டானின் நெற்றியைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. சரசு அழத் தொடங்கினாள். ரீச்சர் குட்டியின் நெற்றியைத் துடைத்துவிட்டு, "சரி, அடுப்பை மாத்துவம்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் அடுப்புக்கு ஓரிடமில்லை. கிழமைக்கு ஒருமுறை மூன்று கல்லையும் தூக்க வேண்டும். ஒரு கிழமை வேம்படி, அடுத்த கிழமை கிணற்றடி, மழை வந்தால் விறாந்தை. "அடுப்பெண்டா நாங்கள் இருக்கிற இடம், கண்டியோ" என்று குட்டானுக்கு ரீச்சர் பாடம் நடத்துவார். இன்ஸ்பெக்டர் எரிச்சலோடு சட்டிகளைத் தேடித் திரிவார். கல் சுமந்தவன் நான். முறைப்பாடு சொன்னேனே தவிர, அந்த நாட்கள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன.

மறுபடியும் கிளம்ப வேண்டி வந்தபோது குட்டானுக்கு இரண்டு வயது. பூனை சாக்குக்குள், கோழி கூடைக்குள். உழவு இயந்திரம் உறுமியதும் குட்டான் மிரண்டு ஓடிவிட்டது. எங்கே போயிருக்கும்? அத்தனை பாடமும் வீண். குசினியில், சரசு சுற்றிக் காட்டிய அந்தப் பழைய மூலையில், கல்லுமில்லாத வெறுந்தரையில் படுத்திருந்தது. ரீச்சர் ஒருமுறை போய் வெறுங்கையோடு வந்தார்.

"விடுங்கோ மாஸ்டர், நேரமில்லை. வெளிக்கிடுவம்" என்று சொல்லிப் பெட்டிக்குள் ஏறி மறுபக்கம் திரும்பி இருந்துகொண்டார்.

நான் இறங்கினேன். சாரதி கத்தினான், சரசு கத்தினாள். குட்டானை இழுத்தேன். மணிக்கட்டில் நன்றாகக் கடித்தது. கடித்த வாயோடு சேர்த்து அணைத்துக்கொண்டு ஓடிவந்து ரீச்சரின் மடியில் போட்டேன்.

 ரீச்சர் தன் சேலைத் தலைப்பைக் கிழித்து என் கையில் கட்டினார். முடிச்சுப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இனி எனக்கு உங்களோடை கோவமில்லை, மாஸ்டர்."

மூன்று வருடம் எங்களோடு ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவர். நான் தடிமன் காய்ச்சலில் படுத்தால் கொத்தமல்லி அவித்துத் தந்தவர். என் வேட்டியில் கிடந்த முட்டையை எனக்கே பொரித்துக் கொடுத்துச் சிரித்தவர். அத்தனை நாளும் அவருக்கு என்மீது கோபம் இருந்திருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். இருக்க வேண்டிய கோபம்தான். அதை உள்ளே வைத்துக்கொண்டே என்னிடம் அவ்வளவு அன்பாகவும் இருந்திருக்கிறார்.

குட்டான் இப்போது, ரீச்சர் கடைசியாக இருந்த அவருடைய தம்பி வீட்டில் கடற்கரை நண்டுகளைத் துரத்திக்கொண்டு திரிகிறது. ரீச்சரிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்த ஒரு வசனம். அதை அவர் சொல்லாமலே போயிருந்தால், நல்ல மனுசி, ஒன்றையும் மனதில் வைத்திருக்காதவர் என்று இன்று உங்கள்முன் பொய் எழுதியிருப்பேன்.