ஆணியில் தொங்கிய சீரியல்

போன ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்தில் தங்கை வீட்டில் மத்தியானச் சோறு. கையில் மீன்குழம்பு வாசனை போவதற்குள் தங்கை மகள் டிவியில் ஒரு தொடரைப் போட்டுவிட்டாள். மொத்தம் எட்டுப் பாகம். ஐந்தாவதின் முடிவில் கதாநாயகன் மலை உச்சியிலிருந்து காரோடு விழுந்தான். புகை, அழுகை, வயலின். அவள் முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னாள்:

"மாமா, பொணத்தக் காட்டல்ல பாத்தியளா? வருவான்."

நான் எழுந்து கை கழுவப் போனேன். ஏற்கெனவே கழுவிய கைதான்.

இந்த வசனத்துக்கு ஒரு சொந்தக்காரன் இருந்தான். தேங்காய்ப்பட்டணத்துச் சூசை. தூண்டல் போட்டில், அதாவது தூண்டில் போட்டு மீன்பிடிக்கிற விசைப்படகில், போகிறவன். கடலுக்குள் இறங்கினால் ஒரு மாதம் கழித்துத்தான் கரையில் தலை தெரியும். அப்போது நான் அங்கே துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தேன். ரீசார்ஜ், செல்போன் கவர், அப்புறம் முக்கியமான தொழில், படம் ஏற்றுவது. கடலுக்குப் போகிறவர்கள் பென் டிரைவைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், நான் படங்களையும் சீரியல்களையும் நிரப்பி வைப்பேன். அது நேர்மையான தொழிலா என்று நீங்கள் கேட்கக்கூடாது, நானும் சொல்லமாட்டேன்.

கடைச் சுவரில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு பென் டிரைவ், கழுத்தில் நூல், நூலில் பேர் எழுதிய பிளாஸ்டர். ஒவ்வொருத்தனுக்கும் இரண்டு டிரைவ் உண்டு. ஒன்று போட்டில் அவனோடு போகும், மற்றது ஆணியில் தொங்கி நிறைந்துகொண்டிருக்கும். திரும்பி வந்ததும் அதைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டு போவான். உப்புக் காற்றும் டீசலும் கலந்த ஒரு வாசனை அந்த டிரைவ்களில் இருக்கும். இன்றைக்கும் பழைய பிளாஸ்டர் மணம் வந்தால் எனக்கு ஏதோ ஒரு படத்தின் டைட்டில் ஓடுகிற மாதிரி இருக்கும்.

சூசை டிரைவை மாற்றிக்கொண்டு சும்மா போகிற ஆளில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பார்த்த படத்துக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் எழும்புவான். அவனுடைய அளவுகோல் தூக்கம். "பதினோரு பேருல ஏழு பேரு ஒறங்கிட்டான் மக்கா. சோறு பொங்குறவன் நின்னுட்டே ஒறங்கினான். இதையா நீ நல்ல படம்னு ஏத்தின?" என்பான்.

கடலைக் காட்டுகிற படமென்றால் அவனுக்கு ஆகவே ஆகாது. "எல்லாப் படத்துலயும் கடல்காரன் வலையத் தோளுல போட்டுட்டே அலையான். கல்யாண வீட்டுக்கும் வலை, காதலிக்கப் போனாலும் வலை. ஏண்டே, நீ ரீசார்ஜ் மிசினத் தோளுல போட்டுட்டா மாதா கோயிலுக்குப் போற?"

மலையாளப் படத்துக்கு மட்டும் கொஞ்சம் தயவு காட்டுவான். "அவன் சண்டைக்கு முந்தி சோறு திம்பான். நம்ம ஆளு சண்டைக்கு முந்தி பாட்டுப் பாடுவான். எவனுக்கு அடிக்கத் தெம்பு இருக்கும், நீயே சொல்லு."

நானும் விடமாட்டேன். உலக சினிமாவையெல்லாம் கரைத்துக் குடித்தவன் மாதிரி கேமரா, திரைக்கதை என்று பேசுவேன். எல்லாம் வாரப் பத்திரிகையில் படித்தது. அவனுக்கும் அது தெரியும், சிரித்துக்கொண்டே கேட்பான்.

ஆனால் அவனுடைய உயிர் இருந்தது ஒரு சீரியலில்தான். சாயங்காலம் வருகிற சீரியல். அக்கா தங்கச்சி, ஒரு பெரிய வீடு, எப்போதும் ஒளிந்து கேட்கிற ஒரு சித்தி. கரையில் அவன் பெண்சாதி ஸ்டெல்லா தினமும் பார்ப்பாள். ஆனால் போனில் கதையைச் சொல்லக்கூடாது என்று அவளுக்குக் கண்டிப்பான உத்தரவு. விட்டுப்போன பாகம் எல்லாம் டிரைவில் ஒன்றுவிடாமல் இருக்கவேண்டும்.

கடைசியாக அவன் வந்தபோது சீரியலில் அக்காளின் புருசன் காரோடு ஆற்றில் விழுந்திருந்தான். துணி கிடைத்தது, செருப்பு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அக்காள் பொட்டை அழித்துவிட்டாள்.

"அழிச்சிருக்கப்பிடாது," என்றான் சூசை. "பொணத்தக் காட்டினானா? இல்ல. பொணத்தக் காட்டலேன்னா ஆளு சாவல. எழுதி வச்சுக்கோ."

"அந்த நடிகருக்கு வேற படம் கெடச்சிருக்கும், சீரியல விட்டுப் போயிருப்பாரு. அதுக்குத்தான் ஆத்துல தள்ளியிருக்கான். இனி வரமாட்டான்," என்றேன் நான், பத்திரிகை ஞானத்தில்.

"பந்தயம்?"

"பந்தயம். தோத்தவன் ஒரு மாசம் படத்தப் பத்தி வாயத் தெறக்கப்பிடாது."

"நீ செத்தடே," என்று தோளில் அடித்துவிட்டு, நிறைந்த டிரைவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான். மற்றதை நான் ஆணியில் மாட்டினேன்.

அந்தக் கார்த்திகையில் வந்த புயல் உங்களுக்கும் நினைவிருக்கும். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் எழுதப்போவதில்லை. போட்டுகள் சில வந்தன, சில வரவில்லை. மாதா கோயில் முற்றத்தில் பெண்கள் போட்டோக்களை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். சூசையின் போட்டு வரவில்லை. ஒருத்தனுடைய உடலும் கிடைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கடையைத் திறந்தேன். பலகையில் வராதவர்களின் டிரைவ்கள் நாலைந்து தொங்கின. அவற்றை எடுக்கவும் தோன்றவில்லை, பார்க்கவும் தோன்றவில்லை. ரீசார்ஜ் செய்தேன், கவர் விற்றேன். பசித்தால் சாப்பிட்டேன். அழுகை எப்போதாவது வரும் என்று காத்திருந்தேன், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி.

ஒருநாள் மத்தியானம் ஸ்டெல்லா மைனி வந்தாள். மைனி என்றால் எங்கள் பக்கம் அண்ணி. நெற்றியில் பொட்டு இருந்தது. பலகையைப் பார்த்தாள், பேரைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"சீரியல் ஏத்துறியா தம்பி?"

நான் ஏற்றவில்லை. "இல்ல மைனி... கொஞ்சம் பாக்கி இருக்கு," என்றேன்.

"ஏத்தி வையி. வந்தா மொதல்ல அதத்தான் கேப்பாரு. பொணத்தக் காட்டலேன்னா ஆளு சாவலன்னு அவருதான சொல்லுவாரு?"

அன்றைக்கே விட்டுப்போனதெல்லாம் ஏற்றினேன், பிறகு தினமும் வந்ததையும். கணினியில் பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நகரும். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு பாகம் முடிந்தால் அடுத்தது. சீரியலைப் பார்க்கவில்லை, பச்சைக் கோட்டைத்தான் பார்த்தேன். டிரைவ் நிறைந்தது. எதையாவது அழித்தால்தான் புதியதை ஏற்றமுடியும். அழிக்கக் கை வரவில்லை. நிறைந்ததை மேசைக்குள் வைத்துவிட்டு, கடையிலிருந்த புது டிரைவ் ஒன்றின் உறையைப் பிரித்து, அதே பேரை எழுதி அதே ஆணியில் மாட்டினேன்.

நோன்புக் காலம் முடிந்து ஈஸ்டர் வந்த சமயம், சீரியலில் அந்தப் புருசன் திரும்பி வந்தான். வேறு நடிகர். முதலில் இருந்தவர் ஒல்லி, இவர் குண்டு. கீழே எழுத்து ஓடியது: இனி இவருக்குப் பதில் இவர். இதை சூசை பார்த்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பான்.

மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே மைனி வந்து நின்றாள்.

"பாத்தியா தம்பி? வந்துட்டான்."

"வேற ஆளுல்லா மைனி."

"வேற ஆளாயிருந்தா என்ன. வந்துட்டான்லா."

பந்தயத்தில் நான் தோற்றுவிட்டேன். படத்தைப் பற்றி ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. கேட்பதற்கு ஆள் இருந்தால்தானே திறக்க.

சீரியல் முடிய மேலும் ஒரு வருசம் ஆனது. சித்தி திருந்தினாள், எல்லோரும் கோயில் வாசலில் வரிசையாக நின்று சிரித்தார்கள், சுபம். மைனி வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள், அதற்கு முன் அவள் உட்கார்ந்ததே இல்லை. மெலிந்திருந்தாள்.

"முடிஞ்சுபோச்சு என்னா?"

"முடிஞ்சுபோச்சு மைனி."

"அந்த நேரத்துக்கு இனி என்ன போடுகான்?"

"புதுசு ஒண்ணு. திங்கக்கெழமை தொடக்கம்."

கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அது அவருக்குப் புடிக்குமா?"

புதிய சீரியலின் விளம்பரத்தை நான் பார்த்திருந்தேன். இரட்டைப் பிள்ளைகள், மாறிப்போன தாலி, ஒளிந்து கேட்கிற ஒரு மாமியார். சூசைக்கு உயிரைக் கொடுக்கிற கதை. ஸ்டூலை விட்டு எழும்பியிருக்கமாட்டான்.

"புடிக்காது மைனி," என்றேன். "மொத வாரத்துலயே ஒறங்கிருவான்."

அவள் தலையாட்டினாள். "அப்ப வேண்டாம்." ஆணியிலிருந்து அவளே டிரைவை எடுத்தாள். பழையதையும் கேட்டு வாங்கினாள். இரண்டின் நூலையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டு பர்சில் வைத்துக்கொண்டு, வெயிலில் இறங்கிப் போனாள். ஒரு படத்தைப் பற்றியோ சீரியலைப் பற்றியோ நான் சொன்ன அபிப்பிராயத்தை யாராவது நம்பியது அந்த ஒரு தடவைதான். அது பொய்.

இப்போது அந்தக் கடை இல்லை. எவனும் டிரைவ் கொண்டுவருவதில்லை, வேண்டியதைப் போனிலேயே இறக்கிக்கொண்டு போகிறார்கள். பலகை எங்கே போனதென்றே எனக்குத் தெரியாது.

தங்கை வீட்டில் எட்டாம் பாகத்தில் அவன் திரும்பி வந்தான். அதே நடிகர், தாடியோடு. "நான் சொன்னேன்லா!" என்று தங்கை மகள் குதித்தாள். தொடர் முடிந்ததும் திரையில் இரண்டு கட்டைவிரல்கள் வந்தன, ஒன்று மேலே, ஒன்று கீழே. பிடித்ததா இல்லையா என்று கேட்கிறது. அவள் ரிமோட்டை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க சொல்லுங்க மாமா."

வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை பேர் உறங்கினார்கள் என்று அது கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் விரல்கள் தாமாகவே மறைந்துவிட்டன.