சமதரையை நம்பாத தாமோதரன்

என் சித்தப்பா தாமோதரனுக்குச் சமதரையைக் கண்டால் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஏன் தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினேன் என்று படிக்கிறவர்களுக்குப் புரியாது.

அவர் நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறவர். சொந்த வண்டி கிடையாது. உத்திரமேரூரில் இருக்கும் ஒரு முதலாளியின் செயின் வண்டி, சக்கரத்துக்குப் பதிலாகப் பட்டைச் சங்கிலியில் ஓடுவது. எங்கள் மானாம்பதிப் பக்கம் அறுப்பு முடிந்தால் தஞ்சாவூர், அது முடிந்தால் ஆந்திரா என்று வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். வருடத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். மீதிப் பாதியில் உடம்பு மட்டும் வீட்டில் இருக்கும், ஆள் செல்போனுக்குள் வேறு ஏதாவது கிரகத்தில் இருப்பார்.

அந்த விளையாட்டை அவர் போனில் போட்டுக் கொடுத்தது அவர் மகள் பூஜா அக்காதான். அவள் வேலூரில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. கணக்கு படிக்கிறாள். விளையாட்டு இதுதான்: ஒரு விண்கலத்தில் மூன்று பேர் ஏறலாம். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு ஊர், ஆனால் கலம் ஒன்று. ஒருவர் பேசினால் மற்றவர்களுக்குக் கேட்கும். கிரகம் கிரகமாகப் போய் இறங்கி, நடந்து பார்த்து, கல் பொறுக்கி, அந்தக் கல்லை எரிபொருளாக்கி அடுத்த கிரகத்துக்குக் கிளம்ப வேண்டும். ஓட்டுகிறவர் சித்தப்பா. எரிபொருளும் உயரமும் பார்த்துச் சொல்கிறவள் நான். இறங்கி நடந்து கல் பொறுக்குகிறவள் பூஜா அக்கா.

பன்னிரண்டாவது முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறேன், அதனால் நான் விளையாடினேன். சித்தப்பாவுக்குக் காரணம் வேறு. முன்பெல்லாம் அப்பாவும் மகளும் போனில் பேசினால் இவ்வளவுதான்: "சாப்டியா?" "சாப்டேன்பா." "சரி, வெச்சிடறேன்." அவள் படிக்கிற கணக்கு இவருக்குப் புரியாது. இவர் அறுக்கிற வயலைப் பற்றிக் கேட்க அவளுக்குப் பொறுமை கிடையாது. விளையாட்டு வந்த பிறகு மாறியது. காலையில் பனி காயும்வரை நெல்லை அறுக்க முடியாது, வண்டி சும்மாதான் நிற்கும். அந்த நேரத்தில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே மகளோடு வானத்தைச் சுற்றுவார். அவர் திட்டுவார், அவளும் திட்டுவாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். தேவகி சித்திகூட, "இன்னா எயவு கேமோ, ரெண்டும் பேசிக்கினு கீதுங்களே, அது போதும்" என்று விட்டுவிட்டாள்.

எல்லாம் சரி. இறங்கும்போதுதான் பேஜார்.

கலத்துக்கு நாலு கால். சமமான இடத்தில் வைத்தால் நிற்கும். சரிவில் வைத்தால் சாயும், உருளும், வெடிக்கும். விளையாட்டைத் தொட்டுப் பார்த்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். ஆனால் சித்தப்பா, கீழே அருமையான சமதரை விரிந்து கிடக்கும்போது, கலத்தை இழுத்துக்கொண்டு போய் ஏதாவது ஒரு குன்றின் மேல் உட்காரவைக்கப் பார்ப்பார்.

"சித்தப்பா, கீய பாரு, டேபிளு மாதிரி கீது. எறக்கு."

"டேபிளு மாதிரி கீதுன்னாதான் எனக்கு பயம். தண்ணி நின்ன எடம்தான் அப்படி சமமா இருக்கும். மேல காஞ்ச மாதிரி காட்டும், உள்ள களி. வண்டிய முயுங்கிடும்."

"இந்தக் கிரகத்துல தண்ணியே கெடையாது!"

"இப்ப கெடையாது. எப்பவோ நின்னிருக்கும்."



அவருடைய பயத்துக்கு ஒரு கதை இருக்கிறது. ஒரு வருடம் ஏரி உள்வாயில் அறுக்கப் போனார். ஏரித் தண்ணீர் வற்றியதும் அதன் உட்பக்கத்திலேயே நெல் வைப்பார்கள், அந்த மாதிரி நிலம். பார்க்கத் தார்ரோடு போல இருந்ததாம். நடுவயலில் வண்டி வயிறுவரை இறங்கிவிட்டது. வேறு வண்டிகள் வந்து சங்கிலி போட்டு இழுத்தும் அசையவில்லை. முதலாளி வரப்பில் நின்று, ஊரே பார்க்க, "கண்ணு இன்னா பொடனியிலயா கீது உனுக்கு?" என்று கேட்டார். அன்றிலிருந்து சித்தப்பா மேட்டைத்தான் நம்புகிறார். வயலில் நம்பட்டும். ஆகாயத்திலும் எதற்கு?

கடைசியாகச் செம்மண் நிறத்தில் ஒரு கிரகத்துக்குப் போனோம். நான் கத்தக் கத்த, அவர் குன்றின் தோளில்தான் கலத்தை வைத்தார். பூஜா அக்கா இறங்கி நாலடி நடந்திருப்பாள், கலம் மெதுவாகச் சாய்ந்தது. பிறகு வேகமாகச் சாய்ந்தது. உள்ளே இருந்த நானும் சித்தப்பாவும் விளையாட்டின் விதிப்படி விண்வெளி நிலையத்துக்குத் திரும்பிவிட்டோம். வெளியே நின்றவள் அங்கேயே நின்றுவிட்டாள். தன்னிடமிருந்த கூடாரத்தைச் சமதரையின் ஓரத்தில் அடித்துக்கொண்டு, தனியாகக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். யாராவது போய் ஏற்றினால்தான் வர முடியும்.

விளையாட்டு எங்களுக்குக் கொடுத்த கலங்களில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் உடைந்தால் குழுவே கலைந்துவிடும்.

பூஜா அக்கா சித்தப்பாவுக்குப் போன் செய்தாள், நானும் பக்கத்தில் இருந்தேன். "அப்பா, ஹாஸ்டல் பசங்க அவங்க கப்பல்ல வான்னு கூப்ட்டுக்கினு கீறாங்க. ஞாயித்துக்கெயம வந்து என்ன ஏத்திக்கோ. இதையும் கவுத்துட்டீன்னா நான் அவங்களோட போயிடுவேன். கோவமா சொல்லல. அலுத்துப்போச்சி."

அவள் வைத்ததும் சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "அவ அங்க போயிட்டான்னா, அப்பால எங்க ரெண்டு பேருக்கும் பேச இன்னா கீது, நதியா?" என்றார்.

"அப்ப ஒயுங்கா சமத்துல எறக்கு" என்றேன்.

"எறக்கறேன், எறக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தோம். சித்தி கொல்லைப்புறத்திலிருந்து, "ஆகாசத்துல வண்டி ஓட்ற மனுஷன், இங்க கொயா ஒயுவுது, அத்த பாக்க ஆளக்காணோம்!" என்றாள். கலம் செம்மண் கிரகத்தை நெருங்கிவிட்டது.

கீழே பூஜா அக்காவின் கூடாரம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அதற்கு முன்னால் சமதரை. அப்படி ஒரு சமதரையை நான் எந்தக் கிரகத்திலும் பார்த்ததில்லை. கலம் இறங்கியது. பாதி உயரத்தில் நின்றது. பிறகு மெதுவாக இடதுபக்கம் நகர்ந்தது. இடதுபக்கம் இருந்தது அதே குன்று.

"சித்தப்பா! எங்க போற?"

"சும்மா பாக்கறேன்."

"பாக்காத! எரிபொருளு பாதிக்குக் கீய போயிடுச்சி!"

"கத்தாத. எனுக்கு கை ஓட மாட்டேங்குது. அந்த நெறத்தப் பாரு, நடுவுல கொஞ்சம் கருப்பா கீது. ஈரம்."

"அது நெயலு சித்தப்பா! நம்ம கப்பலோட நெயலு!"

போனைப் பிடுங்கி நானே இறக்கிவிடலாமா என்று வந்தது. அப்போது பூஜா அக்கா பேசினாள். "அப்பா, புது வயலு. வண்டிய உள்ள உடறதுக்கு முன்னாடி இன்னா பண்ணுவ?"

"யாரையாவது நடக்கவுட்டுப் பாப்போம். கால் எவ்ளோ எறங்குதுன்னு."

"சரி. நான் நடக்கறேன்."

சித்தப்பாவின் முகம் மாறியது. "நீ வேணாம்."

"இது கேமுப்பா."

"சேத்துல நடந்து பாக்கறதுக்கா உன்ன வேலூரு அனுப்பி வெச்சேன்? அதெல்லாம் கூலிக்கு வர்ற ஆளுங்க செய்வாங்க. நீ கூடாரத்துலயே இரு."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அங்கே சேறே கிடையாது. இந்த விளையாட்டைச் செய்தவர்கள் சேறு என்ற ஒன்றை வைக்கவே இல்லை. அவள் நடந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியப்போவதில்லை, நடக்காவிட்டாலும் ஒன்றும் கெடப்போவதில்லை. எரிபொருள் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அதைக் கத்திச் சொன்னேன். இரண்டு பேரும் கேட்கவில்லை.

"அங்க கூலிக்கு யாருப்பா கீறாங்க? நான் மட்டும்தான் கீறேன்" என்றாள் பூஜா அக்கா. சொல்லிக்கொண்டே நடக்க ஆரம்பித்துவிட்டாள். மேலிருந்து பார்த்தோம். ஒரு சின்ன வெள்ளை உருவம் சமதரைக்குள் போனது. பின்னால் காலடித் தடம் வரிசையாக விழுந்தது.

சித்தப்பா கலத்தை அப்படியே நிறுத்திவைத்தார். "கணுக்கால் எறங்குதா?"

"இல்ல."

"நடுவுல போ. அந்தக் கருப்பா தெரியற எடத்துல. குதி."

அவள் குதித்தாள். தூசி எழுந்து அடங்கியது.

"இன்னொரு வாட்டி. ரெண்டு காலையும் சேத்து."

எச்சரிக்கை விளக்கு சிவப்பாக அடித்துக்கொண்டிருந்தது. "சித்தப்பா, உன் கால்ல உயறேன், எறக்கு!" என்றேன்.

"இரு நதியா. பூஜா, கெட்டியாதான் கீதா? நெஜமா சொல்லு."

"கெட்டியா கீதுப்பா. நான்தான் மேல நிக்கறேன்ல?"

"சரி, ஓரமா தள்ளி நில்லு. இன்னும் தள்ளு."

அவள் கூடாரத்தின் பக்கம் ஓடினாள். சித்தப்பா இறக்கினார். அவள் நடந்த தடத்தின் மேலேயே, ஒரு அடி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகாமல் இறக்கினார். நாலு காலும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. கலம் லேசாக ஆடி நின்றது. அவர் அப்போதும் விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை. இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கவில்லை.

"ஏறும்மா" என்றார்.

பூஜா அக்கா பொறுக்கி வைத்திருந்த கல்லையெல்லாம் ஏற்றிவிட்டு உள்ளே வந்தாள். எரிபொருள் நிரம்பியது. என் வேலை முடிந்தது, கிளம்பலாம் என்று சொன்னேன். யாரும் கிளம்பவில்லை. கல்லூரியில் ஒரு பாடம் தனக்குச் சுத்தமாகப் புரியவில்லை, போன தேர்வில் தவறிவிட்டது, வீட்டில் சொல்லப் பயமாக இருந்தது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கே அது தெரியாது. சித்தப்பா திட்டவில்லை. "அந்தப் பாடத்துல இன்னாதான் வருது, சொல்லு கேப்போம்" என்றார். கேட்டு அவருக்கு ஒன்றும் புரியப்போவதில்லை. அவள் ஆரம்பத்திலிருந்து சொன்னாள்.

நடுவில் ஒருமுறை, "குன்னுக்கு அந்தாண்ட இன்னொரு சமதர கீதுப்பா, பாக்கலாமா?" என்றாள் அவள்.

"நீ முன்ன நட" என்றார் அவர்.

இரண்டு பேரும் கலத்தின் கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டார்கள். கலத்துக்குள் நான் மட்டும் இருந்தேன். ஓட்டுகிறவர் இல்லாமல் அது கிளம்பாது. எத்தனை தடவை கூப்பிட்டாலும், "இரு நதியா, வந்துக்கினே கீறோம்" என்ற பதில்தான் வந்தது. வரவில்லை. கடைசியில் போனை வைத்துவிட்டு, நான் போய்ச் சித்திக்கு அந்த ஒழுகும் குழாயைப் பிடித்துக்கொண்டேன்.