மூக்கைப் பழக்கிய வாரம்

படித்தவர்களுக்கு ஏன் வேலை கிடைப்பதில்லை என்பதைப் பற்றி என்னால் அப்போது மணிக்கணக்கில் பேச முடிந்தது. எம்.ஏ. பொருளாதாரத்தில் அது ஒரு தனி அத்தியாயம். வேலைதான் கிடைக்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மைசூர் அக்ரஹாரத்தில் அக்கா வீட்டு முன்னறையில் பாய் விரித்து, விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய, தமிழ் பேசும் ராமாபுரத்தில் உரக்கடை வைத்திருந்த அப்பா கெடு வைத்திருந்தார். தை பிறப்பதற்குள் வேலை கிடைக்காவிட்டால் ஊருக்கு வந்து கடையில் உட்கார வேண்டும். யூரியா மூட்டையை நான் மதித்ததில்லை. அதுவும் என்னை மதித்ததில்லை. அந்த உறவை ஆயுளுக்கும் நீட்டிக்க எனக்கு விருப்பமில்லை.

மார்கழியில், ஊதுவத்தி கம்பெனி ஒன்று கணக்கு எழுதும் வேலைக்கு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. சந்தோஷப்பட ஆரம்பித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது: ஊதுவத்திப் புகை பட்டால் எனக்குத் தும்மல் வரும். சாதாரணத் தும்மல் அல்ல. கோயிலில் ஆரம்பித்தால் பிரசாதம் வாங்கும்வரை ஓயாது. என்னைக் கண்டாலே அர்ச்சகர் பின்வரிசையைக் கைகாட்டுவார்.

“எல்லாம் பழக்கந்தான் மாப்ளே,” என்றார் அக்காவின் வீட்டுக்காரர். மாமா ரயில்வேயில் ஃபிட்டர். வாழ்க்கையில் ஒரே ஒரு இன்டர்வியூவுக்குப் போய், அதிலேயே வேலையும் வாங்கியவர் என்பதால் இந்த விஷயத்தில் அவர் தீர்ப்புக்கு எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது. “நாங்க இஞ்சின் சத்தத்துல பழகலையா? ஒரு வாரம் வீட்டுல வத்தி கொளுத்து. மூக்கு தானா வழிக்கு வரும்.”

கொளுத்தினோம். காலையில் மல்லிகை, மதியம் சந்தனம், மாலையில் கடையில் எது மலிவோ அது. புகை நடுவே உட்கார்ந்து உலகத் தலைநகரங்களை மனப்பாடம் செய்தேன். ஊதுவத்தி விற்பவர்களுக்கு அவை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆப்பிரிக்காவைக் கடப்பதற்குள் கைக்குட்டை நனைந்துவிடும். இப்படி ஓயாமல் பூஜை நடக்கிறதே, என்ன விசேஷம் என்று எதிர்வீட்டு அம்மாள் கன்னடத்தில் விசாரித்தார். தம்பிக்கு வேலை கிடைக்க என்றாள் அக்கா. அதில் பொய் ஒன்றுமில்லை. அந்த அம்மாள் நெகிழ்ந்துபோய் ஒரு முழம் பூ கொடுத்தனுப்பினார்.

வார நடுவில் அக்காவின் கண்களும் சிவந்துவிட்டன. “ஏனுங்க, இவனுக்கு வேலை கெடைக்கறதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவனாட்ட இருக்குது.”

“சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்க, இன்னுங் கொஞ்ச நாள்தான். பாதிக் கெணறு தாண்டியாச்சு,” என்றார் மாமா. அவருக்கென்ன, பகலெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் சுத்தமான டீசல் புகையைச் சுவாசித்துக்கொண்டிருந்தார்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள், டாக்டர் டார்ச் அடிப்பதுபோல் மாமா வத்தியை என் மூக்குக்கு நேராகப் பிடித்தார். காத்திருந்தோம். தும்மல் வரவில்லை. “ஆய்த்து, முடிஞ்சுது. நீ பாஸ்,” என்றார். அன்றைய காபியிலும் வாசனை இல்லை என்பதை அந்த வெற்றியில் நான் கவனிக்கவில்லை.

முதலாளி வயதானவர். ராமாபுரம் என்றதும் தமிழுக்கு மாறினார். தலைநகரம் எதையும் கேட்கவில்லை. கொளுத்தாத இரண்டு வத்திகளை மேஜைமேல் வைத்தார். “எது சந்தனம், எது மல்லி? சொல்லு.”

மோந்து பார்த்தேன். இரண்டும் குச்சியாக இருந்தன. அதற்குமேல் அவற்றைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உரக்கடையின் கல்லாப்பெட்டி கண்முன் வந்து நின்றது. குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கலாம், அதற்கும் துணிவில்லை.

“தெரியலைங்க சார். எந்த வாசனையும் வரலைங்க.”

“சளியா?”

“இல்லைங்க.” வேறு வழியில்லாமல் வாரம் முழுவதும் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டார். எனக்கு அது நல்ல சகுனமாகப் படவில்லை.

“முன்னாடி கணக்கு எழுதினவனுக்கு அருமையான மூக்கு,” என்றார் கடைசியில். “எந்நேரமும் வாசனை கலக்கற ரூம் பக்கமே சுத்துவான். இப்ப அடுத்த தெருவுல சொந்தக் கம்பெனி நடத்தறான். என் மல்லிதான், பேர் மட்டும் வேற. அது போகட்டும், உனக்குத் தும்மல் திரும்பி வருமா?”

“வரும்னுதான் நினைக்கிறேன் சார்.”

“வரட்டும். நீ அந்த ரூமுக்குள்ள போனா எனக்கு இங்க கேக்கும். கணக்கு ஒழுங்கா எழுதுவ இல்ல? திங்கட்கிழமை வந்துடு.”

வெளியே வந்ததும் கால்கள் தாமாகவே எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தன. கடைக்குப் போன் போட்டேன்.

“வேலை கெடச்சிருச்சுங்கப்பா.”

கடையில் யாரையோ கொஞ்சம் பொறுக்கச் சொன்னார் அப்பா. மகன் வருவான் என்று காத்திருந்தவரை ஏமாற்றிவிட்டோமோ என்று நெஞ்சு லேசாக உறுத்தியது.

“நெலச்ச வேலைதானே?” என்றார் அப்பா. “பாதில திரும்பி வந்துர மாட்டியே?”

“இல்லைங்கப்பா.”

பெரிதாக ஒரு மூச்சு விட்டது கேட்டது. “நல்லதாப் போச்சு சாமி. உன்னையக் கடைல எந்த மூலைல உக்கார வெக்கறதுன்னு எனக்குத் தூக்கமே இல்லை.”

மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இருவருமே போனை வைக்கவில்லை.