தாமோதரன் சாரின் சந்தேகப் பெட்டி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே பேருந்துக்குக் காத்திருந்தபோது கைப்பேசி அடித்தது. எங்கள் கல்லூரி அட்டெண்டர் சரோஜா அம்மா பேசினார்.

"சார், கம்ப்யூட்டர் லேப் தாமோதரன் சார் தவறிட்டாருங்க. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுட்டுதாம்."

நான் நம்பவில்லை. சரோஜா அம்மா பொய் சொல்பவர் அல்லர். ஆனால் எந்தச் செய்தியையும் ஒரே ஆள் சொன்னதை வைத்து ஏற்கக் கூடாது என்று பதினான்கு ஆண்டுகளாக எனக்குச் சொல்லிவந்தவர் தாமோதரன் சார்தான். அவர் முறைப்படியே, உறுதிசெய்துகொள்ள அவருடைய எண்ணுக்கே அழைத்தேன். மூன்றாவது மணியில் எடுத்தார்கள். "சொல்லுங்க தமிழ் சார்" என்றது அவர் மனைவி மல்லிகா அம்மாவின் குரல். பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. செய்தி சரிதான்.

அவரை அறியாதவர்களுக்குச் சில வார்த்தைகள். அடி அண்ணாமலையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, சில காலம் டவுனில் டிவி பழுதுபார்த்துவிட்டு, எங்கள் தனியார் கல்லூரியின் கணினி ஆய்வகத்துக்குத் தற்காலிகப் பொறுப்பாளராக வந்தார். நான் அங்கே தமிழ்த்துறையில் இருந்தேன். வந்த முதல் நாளே இரண்டு செருப்பு அட்டைப்பெட்டிகளை மேசைமேல் வைத்தார். ஒன்றில் 'சந்தேகம்' என்றும் மற்றொன்றில் 'சரி' என்றும் சீட்டு ஒட்டினார். ஆய்வகத்துக்குள் நுழையும் எந்தப் பொருளும், அது புத்தம் புதிதாக உறை பிரிக்கப்படாமல் வந்திருந்தாலும், முதலில் சந்தேகப் பெட்டிக்குத்தான் போகும். மூன்று நாள் ஒழுங்காக ஓடினால் சரிப் பெட்டிக்கு இடம் மாறும்.

கிரிவலப் பாதையிலேயே பிறந்து வளர்ந்தவர் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மலை சுற்றுவார். ஒருமுறை உடன் நடந்தேன். வழியில் லிங்கங்களை விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார்.

"எட்டுத்தானே சார் இருக்கும்?" என்றேன்.

"இதுவரைக்கும் எட்டுதான் சார்" என்றார்.

இப்படிப்பட்டவரைக் கண்காணிக்கத்தான் என்னை நியமித்தார்கள். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. எனவே சொல்லிவிடுகிறேன்.

அவர் வந்த ஆறாவது ஆண்டு. பல்கலைக்கழக ஆய்வுக் குழு வரப்போவதாகக் கடிதம் வந்தது. இத்தகைய குழுக்கள் எங்கள் ஊருக்குப் பௌர்ணமியை ஒட்டியே வருவது வழக்கம். அதற்கான காரணத்தை யாரும் ஆராய்ந்ததில்லை. ஆய்வகத்தில் பன்னிரண்டு கணினிகளும் ஒன்றோடொன்று இணைந்து ஓட வேண்டும் என்பது விதி. இலவசமாகக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, நிர்வாகம் எல்லாவற்றிலும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடச் சொல்லிவிட்டது. அதே மனநிலையில், கணினிகளை இணைப்பதற்கான பன்னிரண்டு நெட்வொர்க் கார்டுகளையும் சென்னையிலிருந்து வரவழைத்தது. உறையில் கம்பெனியின் பெயர் இல்லை. 'உயர்ந்த தரம்' என்று மட்டும் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது.

முதல்வர் தாமோதரன் சாரை அழைத்து, "இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்குப் பன்னண்டும் ஓடணும். ஓடலைன்னா அடுத்த மாசம் வேற ஆள் பாத்துக்கறோம்" என்றார். அவர் வெளியே போனதும், அங்கே உட்கார்ந்திருந்த என்னிடம் திரும்பினார். "ஆள் பழைய டிவி மெக்கானிக். நல்ல கார்டை எடுத்துட்டு மட்டமானதை மாட்டிட்டா நமக்கு இன்னா தெரியும்? நீங்க ஒவ்வொரு கார்டு நம்பரையும் எழுதி வெச்சிக்கங்க. ஏதாச்சும் சந்தேகம்னா எழுத்துல குடுங்க." நல்ல கார்டு என்று எதுவும் வரவே இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இருந்தாலும் ஒப்புக்கொண்டேன்.

தாமோதரன் சார் கார்டுகளைப் படித்த விதம் எனக்குப் பழக்கமானதுதான். உறையை நம்பவில்லை. உள்ளிருந்த சிடியையும் நம்பவில்லை. அதில் லினக்ஸுக்கு எதுவும் இருக்கவுமில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து, கார்டின் நடுவே இருந்த கறுப்புச் சில்லின் மேல் தேய்ந்துபோயிருந்த எழுத்துகளைப் படித்தார். "உறையில எழுதுனது வேற, உள்ள இருக்கிறது வேற சார். உள்ள இருக்கறவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் லினக்ஸ் பேசும்" என்றார். கார்டை இயக்கும் சரியான டிரைவர் மென்பொருளை ஏற்றியதும் திரையில் வரிகள் ஓடின. நடுவில் அந்தக் கார்டுக்கு உரிய ஒரு நீண்ட எண் வந்தது. முதல் கணினி ஓடியது.

சிக்கல் இரண்டாவதில் தொடங்கியது. தனியாகப் போட்டால் அதுவும் ஓடியது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரண்டுமே திணறின. ஒன்று பேசினால் மற்றது வாயடைத்தது. தாமோதரன் சார் முதலில் கேபிளைச் சந்தேகித்தார். பிறகு கேபிள்கள் வந்து சேரும் ஹப்பை. பிறகு மின்சாரத்தை. மாடியில் திரியும் குரங்குகள் வயரைக் கடித்திருக்கலாம் என்று ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். ஒரு நாள் சரோஜா அம்மாவையே கேட்டுவிட்டார்.

"ஏம்மா, பெருக்கும்போது வயர ஏதாவது இழுத்தியா?"

"நான் இன்னாத்துக்கு சார் இழுக்கறேன்? அந்த ரூமுக்குள்ள போகவே பயமா கீது. எதத் தொட்டாலும் சீட்டு ஒட்டிடுறீங்க."

கடைசியில் என்னையும் ஒரு பார்வை பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: இவர் எப்போதும் ஒரே ஒரு கணினியைத்தான் ஓட்டிக் காட்டுகிறார். இரண்டைச் சேர்த்துக் காட்டச் சொன்னால் ஏதாவது காரணம் சொல்கிறார்.

நான் ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறிக்கும் பயிற்சி பெற்றவன். கணினி ஒவ்வொன்றும் ஓடும்போது திரையில் வந்த அந்த நீண்ட எண்ணை எழுத்து பிசகாமல் எழுதிக்கொண்டேன். பன்னிரண்டும் முடிந்ததும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். பாடபேதமே இல்லை. பன்னிரண்டு இடத்திலும் ஒரே எண்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இருப்பது ஒரே கார்டு. அதையே கழற்றிக் கழற்றி மாட்டிக் காட்டுகிறார். அதனால்தான் இரண்டைச் சேர்த்து ஓட்ட முடியவில்லை. கணினிப் பெட்டிகளைத் திறந்து பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும். திறக்கவில்லை. ஆதாரம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறவனுக்குத் திறந்து பார்க்கத் தோன்றாது.

அறிக்கையை அலுவலகத் தட்டச்சரிடம் கொடுத்தால் ஊர் முழுக்கப் பரவும். எனவே துறைக் கணினியில் நானே அடித்தேன். பன்னிரண்டு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டு, அடியில் இப்படி எழுதினேன்: 'பன்னிரண்டிலும் ஒரே எண் காணப்படுவதால், உண்மையில் உள்ளது ஒரே கார்டு என்றும், எஞ்சிய பதினொன்றும் திரு. தாமோதரனால் வெளியே கொண்டுசெல்லப்பட்டிருக்கலாம் என்றும் ஐயுறுகிறேன்.' கீழே பெயரும் பதவியும்.

கல்லூரியில் உருப்படியான பிரிண்டர் ஒன்றுதான். அது அவர் மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் டீ குடிக்கப் போன நேரமாகப் பார்த்துப் போனேன். காகிதம் பாதியில் சிக்கிக்கொண்டது. நான் இழுத்துக்கொண்டிருக்கும்போது அவர் வந்துவிட்டார்.

"விடுங்க சார், இழுத்தா கிழிஞ்சிரும். நான் எடுக்கறேன்."

மூடியைத் திறந்து காகிதத்தை மெதுவாக உருவினார். "கசங்கிட்டுது. வேற ஒண்ணு போட்டுக்கங்க" என்று சொல்லி, அதைப் பார்க்காமலே கூடையில் போட்டார். பார்க்காமல்தான் போட்டார் என்று அப்போது நினைத்தேன். இரண்டாவது பிரதியை எடுத்துக்கொண்டு போய் முதல்வரிடம் கொடுத்தேன்.

மறுநாள் காலை ஆய்வகத்துக்கு வரச் சொல்லி முதல்வருக்கும் எனக்கும் தாமோதரன் சாரிடமிருந்து ஆள் வந்தது. பன்னிரண்டு கணினிகளும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாப் பெட்டிகளின் மூடிகளும் திறந்திருந்தன. பன்னிரண்டிலும் கார்டு இருந்தது.

"இன்னா பிரச்சினை தாமோதரன்?" என்றார் முதல்வர்.

"கார்டு செஞ்சவன் எல்லாத்துக்கும் ஒரே நம்பரை அடிச்சு விட்டுட்டான் சார். உலகத்துல ஒரு கார்டுக்கு இருக்கிற நம்பர் இன்னொண்ணுக்கு இருக்கக் கூடாது. அதனால அதை மட்டும் நான் சந்தேகப்படவே இல்ல. ஒரே தெருவுல பன்னண்டு வீட்டுக்கும் ஒரே கதவு நம்பர்னா, போஸ்ட்மேன் இன்னா பண்ணுவான்? நல்லவேளை, லினக்ஸ்ல நாமளே நம்பர் மாத்திக்கலாம். ஒவ்வொண்ணுக்கும் வேற வேற குடுத்துட்டேன்."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"யாரோ வரிசையா எழுதி வெச்சிருந்தாங்க சார். அதப் பாத்தேன்."

முதல்வர் திரும்பி நடக்கையில் என் காதருகே, "நீங்க எங்கிட்ட எந்தக் காகிதமும் குடுக்கல" என்றார். ஆய்வுக் குழு வந்தது, பார்த்தது, மலை சுற்றிவிட்டுப் போனது. அடுத்த ஆண்டு தாமோதரன் சாரின் பணி நிரந்தரமாயிற்று.

அவர் எண்களை மட்டும் பார்த்தாரா, அடியில் இருந்த வாக்கியத்தையும் படித்தாரா என்பது எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணியவில்லை. அவர் டீ வாங்கிக் கொடுத்தால் ஏன் வாங்கிக் கொடுக்கிறார் என்று யோசித்தேன். என் மகள் திருமணத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தியில் பரிமாறினார். அப்போதும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குற்றம் செய்தவன் நான். சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவனும் நானே. ஒருமுறை, எப்போதும் பிழைச்செய்தி காட்டும் ஒரு பழைய கணினியை அவர் சரிப் பெட்டிக் கணக்கில் வைத்திருந்ததைப் பார்த்துக் காரணம் கேட்டேன். "தப்புன்னா தப்புன்னு சொல்லிடுது சார். அதை நம்பலாம். ஒண்ணும் சொல்லாம இருக்குது பாருங்க, அதத்தான் நம்பக் கூடாது" என்றார். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவர் இறந்த மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்த பிறகு, மல்லிகா அம்மா அந்த இரண்டு செருப்புப் பெட்டிகளையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "காலேஜ் பொருள் ஏதாச்சும் இருந்தா எடுத்துக்கிட்டுப் போயிடுங்க சார். பின்னாடி ஒரு பேச்சு வரக் கூடாது."

சரிப் பெட்டியில் ஒரே ஒரு காகிதம் இருந்தது. கசங்கியதை நீவி மடித்திருந்தார். பிரித்தேன். என் அறிக்கை. ஓரத்தில் அவர் கையெழுத்தில் சிறிய சீட்டு ஒட்டியிருந்தது: 'எண்கள் சரி. முடிவு சந்தேகம்.'

"இன்னா சார் அது?" என்றார் மல்லிகா அம்மா.

முழுவதையும் வாசித்தேன். என் பெயரையும் பதவியையும் சேர்த்தே வாசித்தேன்.

"இதுதானா அது. அன்னைக்கு வந்ததும் வராததுமா கேசரி கிண்டச் சொன்னாரு. இன்னா விசேஷம்னேன். தமிழ் சார் என்னைத் திருடன்னு எழுதிட்டாரு, வேலை பொழச்சிக்கிச்சுன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. கிண்டிக் குடுத்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அம்மா."

"நானும் அதத்தான் சொன்னேன். அவரே சொல்லட்டும், பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்னாரு."

சந்தேகப் பெட்டியைத் திறந்தேன். ஆய்வகத்துக்குப் புதிய கணினிகள் வந்தபோது கழித்துக்கட்டிய அந்தப் பழைய கார்டுகளை எழுதிக் கேட்டு, கையெழுத்து வாங்கித்தான் கொண்டுபோயிருந்தார். அனுமதிக் கடிதமும் அதிலேயே இருந்தது. ஒவ்வொரு கார்டாக எடுத்துத் தரையில் அடுக்கினேன். அவர் லிங்கங்களை எண்ணியதைப் போல விரல் மடக்கி எண்ணினேன்.

நான் எழுதியது தவறு, தாமோதரன் சார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டேன். பன்னிரண்டும் இருக்கின்றன. நிம்மதியாகப் போய்வாருங்கள்.