ஏதென்ஸ் பாடமும் எங்கள் ஹாலில் நடந்த கூட்டமும்

போத்தனூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், ஹாலில் பாய் விரித்து, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் டியூஷன் எடுத்து வந்தேன். எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளும் பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் வருவார்கள். கிரேக்க நகர அரசுகள் பாடம் வந்தாலே எனக்குக் குழப்பம்தான். மக்களாட்சி பிறந்தது ஏதென்ஸில் என்று சொல்ல வேண்டும். அங்கே பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் ஓட்டு கிடையாது என்றும் உடனே சொல்ல வேண்டும். இரண்டையும் சொல்லிவிட்டு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

பிள்ளைகளுக்கு அந்தக் கவலையே இல்லை. வசதியான வீட்டுப் பெண்கள் உள்ளே தறியில் நெய்துகொண்டிருக்க, ஆண்கள்தான் சந்தைக்குப் போய் மீன் வாங்கி வருவார்கள் என்றேன்.

"எங்கூட்லயும் அப்பாதானுங்க மிஸ் உழவர் சந்தைக்குப் போறாரு" என்றாள் ஒருத்தி.

வாங்கிவிட்டு அங்கேயே நின்று ஊர் வழக்கெல்லாம் பேசுவார்கள் என்றேன்.

"அதேதானுங்க மிஸ். கீரை வாடுனதுக்கப்பறந்தான் ஊட்டுக்கு வருவாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பு அசோசியேஷன் கூட்டம், இந்த முறை எங்கள் ஹாலில். பிள்ளைகளின் சைக்கிள்கள் கார் நிறுத்தும் இடத்தை அடைக்கின்றன, டியூஷனை நிறுத்த வேண்டும் என்று மேல்மாடிப் பெரியவர் கிளப்பியிருந்தார். பள்ளி வேலையை விட்ட பிறகு என்னை மிஸ் என்று கூப்பிட அந்தப் பிள்ளைகள் மட்டும்தான் இருந்தார்கள். பேச வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததுதான் தாமதம்.

"ஊடு யாரு பேர்ல இருக்குதோ அவங்கதானுங்க பேசோணும். தப்பா நெனைச்சுக்காதீங்க" என்றார் செயலாளர். அத்தனை மரியாதையாகச் சொன்னதால் எனக்குக் கோபம்கூடச் சரியாக வரவில்லை. வீடு என் கணவர் பேரில். நான் டீ போட உள்ளே போனேன்.

தட்டோடு திரும்பியபோது, டியூஷனை நிறுத்தலாம் என்று எல்லாக் கைகளும் மேலே இருந்தன. ஏதென்ஸ்காரர்களும் குன்றின்மேல் கூடிக் கை தூக்கித்தான் முடிவு செய்தார்கள். என் கணவரின் கையும் மேலேதான் இருந்தது.

டீ அருமை என்றார்கள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒருவர், "நாளைக்குப் பாப்பாவுக்குக் கிளாஸ் இருக்குதுங்களா?" என்று என்னிடமே கேட்டார். இந்த மனிதர் எதற்குக் கை தூக்கினார்?

எல்லாரும் போன பிறகு கணவரிடம், "ஏனுங்க, நீங்களுமா?" என்றேன்.

"பெரியவரு மொகத்துக்கு நேரா முடியாதுன்னு எப்படி அம்மணி சொல்றது? எல்லாருந் தூக்கறப்ப நாம மட்டும் கையக் கட்டிட்டு உக்காந்தா நல்லாவா இருக்கும்? யாராச்சும் வேண்டாம்பாங்கன்னு பார்த்தேன்."

எல்லாருமே அப்படித்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களோ என்னவோ.

மறுநாள், இன்றோடு வகுப்பு முடிந்தது என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

"எங்கப்பா கிளாஸ் வேணும்னுதானுங்க மிஸ் சொன்னாரு" என்றாள், அப்பா உழவர் சந்தைக்குப் போகிறார் என்று சொன்னவள்.

"எங்கப்பாவுந்தானுங்க."

"எங்கப்பாவுக்கும் இதுல இஷ்டமே இல்லீங்க மிஸ்."

"அப்பறம் யாருதானுங்க மிஸ் நிறுத்தச் சொன்னது?"

"தெரியலை கண்ணு" என்றேன். உள்ளறையில் என் கணவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.